கையைக் கட்டிக்கொண்டு கற்றுக்கொடுப்பது

அவள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் அந்தப் பிரிவுக்குச் சங்கு ஊதியாகிவிட்டது என்று அர்த்தம். தொழிற்பயிற்சி நிலையங்களில் இருந்த வாத்தியார்கள் அப்படித்தான் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பேக்கரிப் பிரிவில் போய் உட்கார்ந்தாள், கொஞ்ச நாளில் அடுப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். குழாய் வேலைப் பிரிவில் உட்கார்ந்தாள், அந்த அறைக்கும் பூட்டு விழுந்தது. 'கடைசி பெஞ்சு டீச்சர்' என்று பெயர் வைத்து, அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே முகம் வெளுத்துப்போகிற வாத்தியார்களும் இருந்தார்கள்.

அவள் என்ன செய்வாள், பாவம். சாகக்கிடக்கிற பிரிவுகளுக்குத்தான் அலுவலகத்தில் அவளை அனுப்பினார்கள். மூச்சு நின்ற பிறகு நாடி பிடித்துப் பார்க்கிற வேலை.

அவளும் ஒரு காலத்தில் வாத்தியார்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் வேலையைப் பல வருஷம் சொல்லிக்கொடுத்தவள். அவளிடம் படித்தவர்கள் ஒழுங்காக வேலை கற்றுக்கொண்டு போகிறார்கள் என்று பார்த்துத்தான், மற்ற வாத்தியார்களுக்குப் பழக்கிவிடச் சொல்லி வெளி வேலைக்கு மாற்றினார்கள். அந்த நிலையங்களில் வாத்தியாராக வருகிறவர்கள் தொழில் செய்து பழகியவர்கள். கொத்தனார், எலக்ட்ரீஷியன், மெக்கானிக். கைக்குத் தெரிந்தது அவர்கள் வாய்க்கு வராது. அவள் போய்ப் பின்னால் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பாள். வகுப்பு முடிந்ததும் அந்த வாத்தியாரோடு ஒரு டீயைக் குடித்துக்கொண்டே, எங்கே பிசகியது, நாளைக்கு எப்படி மாற்றிச் செய்யலாம் என்று பேசுவாள். கேட்பவர்கள் கேட்பார்கள். கேட்காதவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள்.

அப்படி அவள் கடைசியாகப் போய் உட்கார்ந்தது வண்டி ரிப்பேர் பிரிவில்.

போகிற அன்றைக்குக் காலையிலேயே மேற்பார்வையாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "போன தடவை பரீட்சையில ஒருத்தர்கூடத் தேறலைம்மா. இந்தத் தடவையும் அப்படின்னா பிரிவை மூடிடுவாங்க. உங்க ஒப்பந்தமும் அதோடதான் முடியுது. ஒரு பிரிவாவது பிழைச்சுதுன்னு காட்டினாத்தான் உங்களை வச்சுக்கணும்னு நான் மேல பேச முடியும்."

"அந்த வாத்தியாருக்குத் தொழில் தெரியாதா சார்?"

"தொழிலா? காதை வச்சே எஞ்சினுக்கு என்ன கேடுன்னு சொல்லிடுவாரு. அதுதான் எங்களுக்கும் புரியலை."

அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. எண்ணெய் ஊறிக் கறுத்த தரை. சுவரில் ஸ்பேனர்கள் அளவுவாரியாகத் தொங்கின. மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அதில் வயதில் மூத்தவள் ஒரு பெண். பஸ் டிப்போவில் பெருக்கும் வேலை, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மத்தியானத்துக்கு மேல் இங்கே படிக்க வருவாள். எல்லோருக்கும் அவள் பெரியக்கா. மேஜையில் ஒரு கார்புரேட்டர் இருந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று, அவர்கள் மாஸ்டர் என்று கூப்பிடும் வாத்தியார் அழகாகத்தான் சொன்னார். பிறகு பெரியக்காவிடம் ஸ்பேனரைக் கொடுத்தார். அவள் நட்டில் வைத்தாள். கொஞ்சம் வழுக்கியது.

"கொடு இங்க."

வாங்கி, இரண்டு திருப்பில் கழற்றிவிட்டார். அடுத்த ஆள் வந்தான். ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்தான். "கொடு இங்க." அதற்கடுத்த ஆள் கையை நீட்டும் முன்பே பாதி வேலையை மாஸ்டர் முடித்திருந்தார். வகுப்பு முடிந்தபோது கார்புரேட்டர் பளபளவென்று கழுவி மாட்டப்பட்டிருந்தது. மாஸ்டர் கை மட்டும் கறுப்பாக இருந்தது. மற்றவர்கள் கையெல்லாம் காலையில் குளித்துவிட்டு வந்தபடியே சுத்தமாக இருந்தன.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "மாஸ்டர், இன்னைக்கு வேலை செஞ்சது யாரு?"

அவர் யோசித்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னால பாத்துட்டு இருக்க முடியலை டீச்சர். ஒருத்தன் நட்டைத் தப்பாத் திருப்பினா, என் பல்லுல கல்லு கடிபடற மாதிரி இருக்கு. நான் தொழில் பழகின ஷெட்டுல ஒரு நட்டோட மரையை, அந்தத் திருகு வரியைக் கெடுத்தா முதலாளி அதே ஸ்பேனரால போடுவாரு. இங்க பாருங்க." புருவத்துக்கு மேலே பழைய தழும்பு ஒன்று. "யாரோ ஒருத்தர் வயித்துப் பாட்டுக்கு ஓட்டுற வண்டிடா அதுன்னுவாரு. அது மண்டைக்குள்ள ஏறிடுச்சு."

அவருக்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருந்தது. வாத்தியார் வேலை கிடைத்ததும் அதை மச்சானிடம் விட்டுவிட்டு வந்தார். மாமனார் வீட்டில் இத்தனை வருஷம் 'மெக்கானிக் மாப்பிள்ளை' என்று இழுத்தவர்கள் இப்போது 'வாத்தியார் வந்துட்டாரு, நாற்காலி போடு' என்கிறார்களாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய உடம்பு வெட்கத்தில் நெளிந்தது.

"பிரிவை மூடிட்டா எனக்குத் திரும்பிப் போக ஷெட் இல்லை டீச்சர். மச்சான் விட மாட்டான். என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்றேன்."

"ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் பாடம்."

சொல்வது சுலபம். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அரை நிமிஷத்தில் கை முன்னால் வந்துவிட்டது. கால்சட்டைப் பைக்குள் விடச் சொன்னாள். பை கிழிந்தது. கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து உட்கார வைத்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "மாஸ்டர் முட்டையிடப் போறாரு" என்று பெரியக்கா சொன்னாள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் நெற்றியெல்லாம் வேர்வை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பாடம் நடத்த எஞ்சின் கிடையாது. இருந்த ஒன்றும் துருப்பிடித்து இறுகிப்போய் அம்மிக்கல் மாதிரி கிடந்தது. புதிதாக ஒன்று கேட்டு அவள் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். "வரும்" என்றார்கள். அடுத்த முறை போனபோது "வந்துட்டே இருக்கு" என்றார்கள். பரீட்சை நெருங்கியது. எஞ்சினைத் தொடாமல் எஞ்சின் வேலை படித்த பிள்ளைகள் மறுபடியும் தோற்றுப்போவார்கள். மாஸ்டர் தெருவுக்கு வருவார். அவளும்தான்.

ஒருநாள் காலையில் தன் ஸ்கூட்டரைக் கொட்டகைக்குள் உருட்டிக்கொண்டு வந்து ஸ்டாண்டு போட்டாள்.

"கழட்டுங்க" என்றாள்.

மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்தார். "டீச்சர், இது உங்க வண்டி."

"தெரியும்."

"நல்லா ஓடற வண்டி. இதுங்க கையில கொடுத்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது."

"என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத்தான், மாஸ்டர், இவங்க படிக்க வந்திருக்காங்க. நீங்க ஸ்டூல்ல உக்காருங்க."

வீட்டில் அதைச் சொல்ல அவளுக்குப் பாதி நாள் ஆயிற்று. அவள் வீட்டுக்காரர் கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்கிறவராக இருந்தவர். சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் விளங்காமல் போனது. இப்போது மார்க்கெட் முனையில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் தைத்துக்கொடுக்கிறார். தினமும் காலையில் அந்த ஸ்கூட்டரில்தான் அவரைக் கொண்டுபோய் இறக்குவாள்.

"ஏங்க, வண்டி கொஞ்ச நாளைக்கு இல்லை."

"எங்க போச்சு?"

"பாடம் நடத்தக் கொடுத்திருக்கேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "வாத்தியாருங்க பாடத்துக்குப் புத்தகம் கொடுப்பாங்க. நீ வண்டியைக் கொடுத்துட்டு வந்திருக்கே. நல்லவேளை, எனக்குள்ள கழட்டி மாட்ட எஞ்சின் இல்லை, இருந்தா என்னையும் கொண்டுபோயிருப்பே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். மறுநாளிலிருந்து அவர் கோலை ஊன்றிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். அவள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மற்ற நிலையங்களுக்குப் போனாள்.

கொட்டகையில் வண்டி பகுதி பகுதியாகக் கழன்றது. பழைய துணி விரித்து அதன்மேல் பிஸ்டன், வளையங்கள், போல்ட்டுகள் என்று வரிசையாக அடுக்கினார்கள். ஒரு போல்ட்டைத் தொலைத்துவிட்டுக் கொட்டகை முழுக்கத் தவழ்ந்து தேடினார்கள். மாட்டினால் ஓடாது. திரும்பக் கழற்றுவார்கள். மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருஷன் மாதிரி தவித்தார். ஆனால் கை வெளியே வரவில்லை. மெல்ல மெல்ல அவர் வாய் பழகியது. "கொடு இங்க" என்று சொல்ல வருவார், நிறுத்துவார், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இப்பத் திருப்பினா என்ன ஆகும், யோசி" என்பார். அவர்கள் யோசித்தார்கள். சில சமயம் தப்பாக யோசித்தார்கள். அவர் பொறுத்துக்கொண்டார்.

ஒருநாள் பெரியக்கா தானாகவே முழுதும் மாட்டி முடித்துக் கிக்கரை உதைத்தாள். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது. கொட்டகையே கூச்சல் போட்டது. மாஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார், கை தொடைக்கு அடியில் இருந்ததால்.

அன்றைக்குத்தான் டீச்சரும் இந்தப் பிரிவு பிழைத்துவிடும் என்று நம்பிவிட்டாள். அதுவரை எந்தப் பிரிவிலும் அவள் நம்பிக்கையை அவ்வளவு தூரம் ஓடவிட்டதில்லை.

பரீட்சைக்கும் அலுவலகத்து எஞ்சின் வந்து சேரவில்லை. அவளுடைய ஸ்கூட்டரையே மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் கண்டிப்பான மனிதர், ஆனால் சிடுசிடுப்பு இல்லை. சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். "வாத்தியார் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். பேசக் கூடாது, தொடக் கூடாது. தொட்டா இந்த வகுப்போட பரீட்சையே செல்லாது. சரியா மாஸ்டர்?"

"சரிங்க" என்று மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டார். ஸ்டூல் வேண்டாமா என்று அவள் கண்ணாலேயே கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள். நன்றாகவே செய்தார்கள். பரீட்சகர் ஒருமுறை அவள் பக்கம் திரும்பிப் பரவாயில்லையே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.  கடைசிக்கு முந்தின ஆளாகப் பெரியக்கா வந்தாள்.

ஸ்பார்க் பிளக்கை மாட்ட வேண்டும். அதை முதலில் விரலால் திருகி, மரையில் ஒழுங்காக உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். பெரியக்காவுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் பரீட்சகர் மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் நின்றார். கையெல்லாம் வேர்வை. பிளக் கோணலாக நின்றது. இரண்டு முறை திருகிப் பார்த்தாள், உட்காரவில்லை. நேரமாகிறதே என்ற பதற்றத்தில் அப்படியே ஸ்பேனரைப் போட்டு அழுத்தினாள்.

கிரீச்சென்று ஒரு சின்னச் சத்தம். அலுமினியத்தை இரும்பு கடிக்கிற சத்தம். இன்னும் கால் திருப்புத் திருப்பினால் மரை போய்விடும். எஞ்சினின் தலைப்பகுதியையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

"கொடு இங்க!"

மாஸ்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தார். ஸ்பேனர் அவர் கையில் இருந்தது. பிளக்கைப் பின்னுக்குத் திருகி எடுத்து, மரையை ஊதி, விரலால் பதமாகத் திருப்பி உட்கார வைத்துவிட்டார். அதன் பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.  பெரியக்கா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சகர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

டீச்சர் அவர் பின்னாலேயே வாசல் வரை ஓடினாள். "சார், அந்த ஒரு ஆளை மட்டும் தோத்துட்டதா வச்சுக்குங்க. மத்தவங்க என்ன பண்ணினாங்க? நீங்களே பாத்தீங்க. ஒவ்வொருத்தரும் எப்படிச் செஞ்சாங்க!"

"பாத்தேன்மா. நல்லாத்தான் செஞ்சாங்க. அதையும் பாத்தேன், இதையும் பாத்தேன். ஒண்ணைப் பாத்ததா எழுதிட்டு இன்னொண்ணைப் பாக்காத மாதிரி எழுத முடியாது."

"உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"வேண்டாம்மா. அதெல்லாம் செய்யாதீங்க." அவர் உண்மையாகவே வருந்தினார். அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருக்கலாம்.

உள்ளே வந்தாள். மாஸ்டர் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவள் வாழ்க்கையில் எந்த வாத்தியாரிடமும் குரலை உயர்த்தியவள் இல்லை. அன்றைக்கு உயர்த்தினாள்.

"என்ன காரியம் பண்ணீங்க மாஸ்டர்? இத்தனை நாள் அடக்கி வச்ச கையை இன்னைக்கா நீட்டணும்? கெட்டா கெட்டுப் போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா? என் வண்டிதானே!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க வண்டியாச்சே டீச்சர்" என்றார்.



மறுநாள் மாஸ்டர் வரவில்லை. அதற்கு மறுநாளும். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.  பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை வீடு. அவர் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது.

"உள்ள இருக்காருங்க. சாப்பிடலை. யாரையும் பாக்க மாட்டேங்கறாரு. எங்க அப்பா வேற வந்து, 'என்ன வாத்தியாரே, பள்ளிக்கூடம் லீவா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு."

அவள் சாத்தியிருந்த கதவுக்கு அருகில் போய் நின்றாள். "மாஸ்டர், நான்தான்."

"போயிடுங்க டீச்சர்." அடைத்த குரல். "என் மூஞ்சியைப் பாக்காதீங்க."

"நான் அன்னைக்குக் கத்தினது தப்பு."

"நீங்க ஏன் தப்புங்கறீங்க? உங்க சோத்துலயும் மண்ணைப் போட்டுட்டேன்."

ஒருவர் தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும்போது அவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எத்தனை வாத்தியார்களுக்கு அவள் வகுப்பு எடுத்திருப்பாள்!  அந்தக் கதவில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே அவர் மூச்சுவிடுவது கேட்டது. உயிரோடு இருக்கிறார், அதுவே போதும் என்று திரும்பினாள்.

பிறகு அவள் மேற்பார்வையாளர் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். தினமும் உட்கார்ந்தாள். அவர் வரும்போது எழுந்து நிற்பாள், போகும்போதும் எழுந்து நிற்பாள். "பிரிவைக் கேக்கலை சார். என் வேலையையும் கேக்கலை. பிள்ளைங்களுக்கு மட்டும் இன்னொரு பரீட்சை." அவர் முதலில் சமாதானம் சொன்னார், பிறகு எரிந்து விழுந்தார், பிறகு வேறு வாசல் வழியாகப் போகப் பார்த்தார். அவள் அந்த வாசலுக்கு மாறினாள். கடைசியில் தொலைவில் இருந்த வேறொரு நிலையத்தில் அவர்களும் சேர்ந்து எழுதலாம் என்று அனுமதி கொடுத்தார், அவள் தொல்லை விட்டால் போதும் என்று.

பூட்டிய கொட்டகையிலிருந்து ஸ்கூட்டரை வெளியே எடுத்துக் கொடுத்தபோது அது பரீட்சையில் விட்டபடியே இன்னும் பாதி கழன்றுதான் இருந்தது. பெரியக்காவைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் வந்து வாசல் மரத்தடியில் உட்கார்ந்து அதை மாட்டினார்கள். ஓடியது. புகையும் கக்கியது. "கொசுமருந்து அடிக்கிற வண்டின்னு நினைச்சு ஜனங்க ஜன்னலைச் சாத்துறாங்க" என்றார் அவள் வீட்டுக்காரர். கொஞ்ச நாளில் அதுவும் இருமி இருமி ஒரேயடியாக நின்றுவிட்டது.

பெரியக்கா பரீட்சைக்கு வரமாட்டேன் என்றாள். டிப்போவில் துடைப்பத்தோடு நின்றவளைப் போய்ப் பிடித்தாள் டீச்சர்.

"என் கையாலதானே டீச்சர் எல்லாருக்கும் போச்சு. மாஸ்டர் வீடு இருக்கிற தெருப்பக்கமே நான் போறதில்லை."

"கையை வீட்டுல வச்சுட்டு வர முடியாது. அதையும் கூட்டிக்கிட்டு வா."

இழுக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றினாள். பழக்கமில்லாத எஞ்சின், பழக்கமில்லாத கொட்டகை. பாதிப் பேர் தேறினார்கள். பெரியக்காவும் தேறினாள். டிப்போ ஒர்க்ஷாப்பில் அவளை எடுத்துக்கொண்டார்கள், மெக்கானிக்காக இல்லை, கழற்றிய பாகங்களை டீசலில் கழுவுவதற்கு. துடைப்பத்துக்கு இது மேல் என்று அவள் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்தாள்.

பிரிவை மூடினார்கள். கொட்டகையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்தார்கள். டீச்சருக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. ஒரு காயில் கட்டும் கடையில் கூலிக்குச் சேர்ந்தாள். பக்கத்து மேஜையில் இருந்தவன், ஒரு காலத்தில் அவளிடமே படித்தவன். அவன் முதலாளிக்குத் தெரியாமல் அவளை இன்னும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டான். அவள் விரல்கள் பழைய வேகத்துக்கு வர மறுத்தன. சாயங்காலமானால் நுனியெல்லாம் செம்புக் கம்பி அறுத்த கீறல்.

மாஸ்டரை அவள் தெருவில் பார்த்தது அப்புறம் பல மாதம் கழித்து. லாரி ஷெட்டு ஒன்றில் யாருக்கோ கீழே வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். முதல் முறை அவர் அவளைப் பார்த்ததும் சட்டென்று ஒரு டீக்கடைக்குள் நுழைந்துகொண்டார். அவளும் பார்க்காததுபோல நடந்துவிட்டாள். அடுத்த முறை பஸ் நிறுத்தத்தில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். ஒளிய இடமில்லை.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

"இருக்கேன் மாஸ்டர்."

மாஸ்டர் என்ற சொல் அவரைச் சுட்டது. முகம் சுருங்கியது. இளைத்திருந்தார். சின்ன மகளுக்குக் காய்ச்சல், மருந்து வாங்கிக்கொண்டு போகிறேன் என்றார். வீட்டுக்காரர் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அப்படியேதான் இருக்கிறது என்றாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லாததுபோல இருந்தது. எல்லாமே இருந்தது.

"டீச்சர், நான் அன்னைக்கு..." என்று அவர் தொடங்கினார்.  மருந்துப் பையைக் கசக்கினார்.

அந்த நேரம் ஒரு பஸ் வந்து நின்றது.

"பஸ் வந்துடுச்சு மாஸ்டர். வரேன்" என்று சொல்லி அவசரமாக ஏறிக்கொண்டாள்.

அது அவள் போகவேண்டிய பஸ்ஸே இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் வந்த வழியே திரும்பி நடந்தாள்.